துணி எல்லாம் அழகு, நட்சத்திரத்தைத்தான் காணோம்: ஒரு குயில்ட் சந்தேகம்

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த சந்தேகங்களில் நாலைந்துக்காவது பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஒன்றே நீளும் போலிருக்கிறது, அதனால் இன்றைக்கு இது மட்டும்.

குயில்ட் என்றால் தெரியாதவர்களுக்கு: துணித் துண்டுகளை டிசைனாக இணைத்து மேல்துணி செய்து, அதோடு இன்னும் இரண்டு அடுக்கு சேர்த்துத் தைக்கிற போர்வை. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். படிக்கிறேன். “நட்சத்திர டிசைனில் ஒரு குயில்ட் தைக்கிறேன். ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டு பூப்போட்ட துணிகள் எடுத்தேன். மேல்துணி முழுவதும் இணைத்துவிட்டேன். இப்போது நான்கடி தள்ளி நின்று பார்த்தால் நட்சத்திரமே தெரியவில்லை, ஒரே கலவையாக இருக்கிறது. சில நட்சத்திரங்களின் முனையும் வெட்டுப்பட்டதுபோல் மழுங்கியிருக்கிறது. என் தையலில் தப்பா? எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பிரிக்காதீர்கள். இந்த வீடியோ முடிகிற வரைக்குமாவது அந்தத் தையல் பிரிப்பானைத் தள்ளி வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தையல் சுத்தமாகத்தான் இருக்கிறது. மங்கல் நீலம், இலைப்பச்சை, ரோஜா, இளம் ஊதா என்று துணிகளும் தனித்தனியாக எடுத்தால் எல்லாமே அழகு. ஆனால் எல்லாமே ஒரே அடர்த்தி. நிறம் வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி என்று நான் சொல்வது, அந்த நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதை. ஒரு நீலமும் ஒரு பச்சையும் நிறத்தில் எவ்வளவு விலகியிருந்தாலும், இரண்டும் நடுத்தர அடர்த்தியில் இருந்தால் தூரத்தில் நிற்கிற கண் இரண்டையும் ஒன்றாகத்தான் சேர்த்துப் பார்க்கும். எது வெளிர், எது அடர் என்ற இடைவெளி இருந்தால்தான் உருவம் தெரியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சிவப்பிலும் பச்சையிலும் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு குயில்ட் தைத்தேன். எதிரெதிர் நிறம், தெரியாமல் எங்கே போகும் என்ற தைரியம். பகலில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் விளக்கைப் போடுவதற்கு முன்னால் அறைக்குள் போனேன், கட்டில் மேல் ஒரு சாம்பல் போர்வை கிடந்தது. டிசைன் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. வெளிச்சம் குறைந்தால் கண்ணுக்கு முதலில் போய்விடுவது நிறம்தான், அடர்த்தி வித்தியாசம் மட்டும் நிற்கும். என்னுடையதில் அது இல்லவே இல்லை.

இதைத் துணியை வெட்டுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடலாம். துணிகளை வரிசையாக அடுக்கி, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள், அவ்வளவுதான். கைபேசி பக்கத்தில் இல்லையென்றால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள், அதுவும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். நான் எந்தக் குயில்ட் தொடங்கினாலும் மூன்று குவியல் போடுவேன். வெளிர், நடுத்தரம், அடர். எப்போது போட்டாலும் நடுத்தரக் குவியல்தான் மலைபோல் நிற்கும். ஏனென்றால் நம் கை தானாகப் போய் எடுப்பது நடுத்தரத்தைத்தான். வெளிர் துணி சப்பென்று இருக்கும், அடர் துணி சோகமாக இருக்கும், எடுக்க மனம் வராது. ஆனால் டிசைனைத் தூக்கிப் பிடிப்பது அந்த இரண்டும்தான்.

இன்னொன்று, நடுத்தரத் துணி பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து மாறும். இதோ, இந்த நீலத்தைச் சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன், அடர்த்தியாகத் தெரிகிறதா? இப்போது கருநீலத்துக்குப் பக்கத்தில். வெளிறிப்போய்விட்டது பாருங்கள். அதே துண்டுதான். வெளிர் துணி கைவசம் இல்லாதபோது அச்சிட்ட துணியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுத் தைப்பதும் உண்டு. பின்பக்கச் சாயம் ஒரு படி குறைவாக இருக்கும். யாரும் போலீசுக்குப் போகமாட்டார்கள்.

அடர்த்தி மட்டும் எவ்வளவு வேலை செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் லாக் கேபின் என்கிற குயில்ட் கட்டத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி நீளத் துண்டுகள். அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மற்ற இரண்டு பக்கம் அடர். அதாவது கட்டத்தைக் குறுக்காகப் பிரித்தால் பாதி பகல், பாதி இரவு. இப்படிப் பதினாறு கட்டம் தைத்துக்கொண்டு தரையில் பரப்புங்கள். ஒரு விதமாகத் திருப்பினால் பெரிய வைரம், இன்னொரு விதமாகத் திருப்பினால் குறுக்குக் கோடுகள், இன்னொரு விதத்தில் மின்னல் வளைவு. ஒரு தையலைக்கூட மாற்றவில்லை. எனக்கு மழை நாளில் இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த வேலை உடுப்புகளை வெட்டிக் குயில்ட் தைத்தார்கள். 2002இல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. படங்கள் கிடைத்தால் பாருங்கள். சிலவற்றில் நீலம், சாம்பல், பழுப்பு தவிர ஒன்றும் இருக்காது. பழைய கால்சட்டையிலிருந்து பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் சாயம் மங்காமல் அடர் சதுரமாக நிற்கும், அதையே அப்படியே டிசைனாக விட்டிருப்பார்கள். நாம் பன்னிரண்டு நிறம் வைத்துக்கொண்டு திணறுகிறோம்.

சரி, பூப்போட்ட துணிக்கு வருகிறேன். உங்கள் துணிகளில் மூன்று பெரிய பூ. பெரிய பூவைச் சின்ன முக்கோணமாக வெட்டும்போது ஒரு முக்கோணத்தில் இதழ் வரும், அடுத்ததில் வெறும் வெள்ளைப் பின்னணி வரும். வெள்ளை வருகிற இடத்தில் நட்சத்திரத்தின் ஓரம் பக்கத்துத் துணிக்குள் கரைந்துவிடும். ஒரு அட்டையில் நீங்கள் வெட்டப்போகும் அளவுக்குச் சன்னல்போல் ஓட்டை போடுங்கள். அதைத் துணிமேல் நகர்த்திப் பாருங்கள். அந்தத் துண்டு எப்படி இருக்கும் என்று வெட்டாமலேயே தெரிந்துவிடும். பெரிய பூக்களை நான் நட்சத்திரத்தின் நடுச் சதுரத்துக்கும் பார்டருக்கும் வைத்துக்கொள்வேன். முனைகளுக்கு ஒரே நிறம்போல் தெரிகிற பொடி அச்சுத் துணிதான் பாதுகாப்பு.

முனை மழுங்கியது வேறு கதை. அது கால் இஞ்ச் கதை. குயில்ட்டில் துண்டுகளை இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் இஞ்ச் உள்ளே தள்ளித்தான் தைப்போம். நட்சத்திரக் கட்டத்தைத் தைத்து முடித்து, இன்னும் பக்கத்துக் கட்டத்தோடு இணைக்காத நிலையில், முனை துணியின் ஓரத்திலிருந்து சரியாகக் கால் இஞ்ச் உள்ளே இருக்க வேண்டும். ஓரம் வரைக்கும் முனை வந்திருந்தால் இணைக்கும்போது அதைத் தையல் தின்றுவிடும். பார்க்கச் சின்னப் பிழைதான், ஆனால் கூடிக்கொண்டே போகும். எட்டுத் துண்டு உள்ள ஒரு வரிசையில் ஏழு தையல். ஒவ்வொரு தையலிலும் 1/16 இஞ்ச் அதிகமாகப் பிடித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 1/8 போகிறது. ஏழு தையலுக்கு 7/8 இஞ்ச், கிட்டத்தட்ட ஒரு இஞ்ச். உங்கள் மிஷின் எப்படி என்று பார்க்க, ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை இணைத்து, தேய்த்து, அளந்து பாருங்கள். மொத்தம் மூன்றரை இஞ்ச், நடுப் பட்டை சரியாக ஒரு இஞ்ச் வர வேண்டும். அதைவிடக் குறைவாக வந்தால் ஊசியை ஒரு நூலிழை அளவு வலது பக்கம் தள்ளுங்கள். மடிப்பே கொஞ்சம் துணியை எடுத்துக்கொள்ளும் என்பதால் கால் இஞ்சுக்கு ஒரு நூலிழை குறைவாகப் பிடிப்பதுதான் கணக்கு.

தேய்ப்பதைப் பற்றி ஒரே வார்த்தை. பெட்டியை முன்னும் பின்னும் இழுக்காமல் வைத்து எடுங்கள். முக்கோணத்தின் குறுக்கு வெட்டு இழுபட்டு வளைந்துவிடும்.

இப்போது உங்கள் மேல்துணியைக் காப்பாற்றும் வேலை. உங்கள் கையில் இன்னும் நூல் இருக்கிறது, குயில்டிங்கே தொடங்கவில்லை. மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது எங்கே தையல் நெருக்கமோ அங்கே அமுங்கும், எங்கே தையல் குறைவோ அங்கே உப்பும். அதனால் நட்சத்திரங்களை வெறுமனே விட்டுவிட்டு, பின்னணி முழுவதும் கால் இஞ்ச் இடைவெளியில் நேர்கோடு நேர்கோடாக அடியுங்கள். நட்சத்திரம் தானாக மேலே எழும்பி வரும், ஓரத்தில் நிழல் விழும். நிறம் செய்யாததை நிழல் செய்துவிடும். நடுவில் எவ்வளவு இடம் தைக்காமல் விடலாம் என்பது பேட்டிங் உறையிலேயே போட்டிருக்கும், அதை மட்டும் மீறாதீர்கள்.

கைவேலை பிடிக்குமென்றால், எட்டாம் நம்பர் பெர்ல் காட்டன் என்கிற தடித்த எம்பிராய்டரி நூலில், உங்கள் துணிகளில் எதிலும் இல்லாத அடர் நிறமாக எடுத்து, ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றிப் பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள். பென்சிலால் கோடு போட்டதுபோல் இருக்கும். மழுங்கிய முனைக்கும் அங்கேயே வைத்தியம், துணியில் இல்லாத முனையை நூலால் கூராக முடித்துவிடலாம். நான் என் சாம்பல் போர்வையைக் கடைசியில் இப்படித்தான் மீட்டேன், மஞ்சள் நூல் போட்டு.

கோடு வரைகிற பேனாவை மட்டும் முதலில் ஒரு வெட்டுத்துண்டில் சோதித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மறையும் நீல மை மேல் இஸ்திரி போட்டால் அப்படியே பதிந்துவிடும். சூட்டில் மறைகிற மை குளிரில் திரும்பி வரும்.

முடித்ததும் படம் அனுப்புங்கள். கறுப்பு வெள்ளையில் ஒன்று, கலரில் ஒன்று.