இரு, அம்மாகிட்ட கொடுக்கிறேன்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போன் செய்கிறான். அப்பா எடுக்கிறார்.

"நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன்ப்பா."

"சாப்பிட்டியா?"

"ஆச்சுப்பா."

"அங்க மழை உண்டா?"

"இல்லப்பா."

அதற்குமேல் இரண்டு பேருக்கும் வார்த்தை கிடைக்காது. "சரி இரு, அம்மாகிட்ட கொடுக்கிறேன்." எங்கள் வீட்டில் இருபது வருஷம் இப்படித்தான் நடந்தது. உங்களில் பலர் வீட்டிலும் நடந்திருக்கும்.

நம் குடும்பங்களில் நேருக்கு நேர் பேசுவதைவிட, ஆள் மூலமாகப் போகும் பேச்சு அதிகம். புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசாத நாளில் குழந்தைதான் தூது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் தாய். அவர் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "பசிக்கலைன்னு சொல்லு" என்று அவரும் குழந்தையிடமே சொல்வார். இப்போது குடும்பத்துக்கென்று வாட்ஸ்அப் குழு வந்துவிட்டது. அப்பா காலை வணக்கம் போடுகிறார், மகன் கைகூப்பும் பொம்மை போடுகிறான். பேச்சு அதே மழை, சாப்பாடு அளவில்தான் நிற்கிறது.

தொல்காப்பியத்தில் கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்க்கையைச் சொல்லும் கற்பியலில் இப்படி இடையில் நிற்பவர்களுக்கு 'வாயில்கள்' என்று பெயர். தலைவனும் தலைவியும் ஊடியிருக்கும்போது இருவருக்கும் நடுவே வாசலாக நிற்பவர்கள். தோழி, தாய், பாட்டுப் பாடும் பாணன், ஆடிப்பாடும் விறலி என்று மொத்தம் 12 பேர். அதில் விருந்தினரையும் சேர்த்திருக்கிறார்களே, அதை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். விருந்தினர் சமாதானம் பேச வேண்டியதில்லை. திண்ணையில் வந்து உட்கார்ந்தால் போதும். வந்தவர் முன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா? "இலை போடட்டுமா?" என்று அவள் கேட்டாக வேண்டும். "போடு" என்று அவன் சொல்லியாக வேண்டும். அடைத்த கதவு திறந்துவிடும்.

எங்கள் வீட்டு வாயில் அம்மா. நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக வியாபாரம் தொடங்கப்போகிறேன் என்று அம்மாவிடம்தான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "அப்பா நிதானமா யோசிச்சுச் செய்யச் சொன்னார்டா" என்றாள். அப்பா உண்மையில் சொன்னது, "எக்கேடு கெட்டாவது போகட்டும்." இதை அக்கா பல வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். நானும் சும்மா இருக்கவில்லை. "யோசிக்கச் சொல்ல இவர் யாரு? இவருக்கு வியாபாரத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று போனிலேயே கத்தினேன். அம்மா பதில் பேசவில்லை. "சரி, வேளைக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

வாயிலாக நிற்பவர்களின் பாடு இதுதான். இரண்டு பக்கத்துக் கடுஞ்சொல்லும் அவர்களைத் தாண்டிப் போவதில்லை, அவர்கள் நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் தலையில் ஏற்றும் சுமையில் ஒன்றையாவது இறக்கி வையுங்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை அப்பாவிடமே சொல்லிப் பாருங்கள். நாக்கு குழறும், பரவாயில்லை. நான் அதை அம்மா இருக்கும்போது செய்யவில்லை.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, நானும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். போனைக் கொடுக்க ஆள் இல்லை. வெகுநேரம் கழித்து அப்பாவே ஆரம்பித்தார்.

"கடை வைக்கும்போது, 'அப்பா சொல்றதைக் கேட்டுத்தான் செய்வேன்'னு உங்கம்மாகிட்ட சொன்னியாமே. நான்தான் அப்ப ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாப்பா, சொன்னேன். இப்பச் சொல்லுங்க" என்றேன்.

வணக்கம்.