மாநாட்டுக்குள் ஒரு 75 நிமிடம்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், மாநாடுகளும் கருத்தரங்குகளும் நடத்தும் தமிழ் அமைப்புகளின் ஏற்பாட்டுக் குழுவினர் முன் ஆற்றிய உரை. எழுத்துக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

அவைத்தலைவர் அவர்களே, ஏற்பாட்டுக் குழுக்களில் உழைத்து உழைத்துப் பழகிப்போன நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். விளிப்பை இதோடு முடித்துக்கொள்கிறேன். துன், டான்ஶ்ரீ, டத்தோஶ்ரீ, டத்தோ என்று அரசு விருதுப் பட்டங்களை வரிசை பிசகாமல் சொல்லி முடிக்கவே நம் ஊரில் ஐந்து நிமிடம் போய்விடும். அதில் ஒரு பெயர் விடுபட்டால் அது ஒரு தனிக் கதை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, பங்கேற்பாளர்களே நடத்தும் கூட்டங்கள். மேடை கிடையாது, அழைக்கப்பட்ட பேச்சாளர் கிடையாது, வந்தவர்கள் அன்று காலையில் உட்கார்ந்து தாங்களே தலைப்புகளை முடிவு செய்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நம்மால் ஒரு மாநாட்டை முழுக்க அப்படி நடத்த முடியுமா? முடியாது என்றுதான் நான் சொல்வேன். நன்கொடை கொடுத்தவர் திறப்பு விழாவில் பேச வேண்டும். கட்டுரை படைக்க விமானம் ஏறி வந்தவருக்கு, படைத்ததற்கான சான்றிதழ் வேண்டும். ஆசிரியருக்குப் பள்ளியில் காட்ட வருகைச் சான்று வேண்டும். மண்டபத்தைச் சொன்ன நேரத்துக்குக் காலி செய்ய வேண்டும். இவற்றைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. மாநாடு என்றால் இதெல்லாம் இருக்கும். அதற்குள்ளே ஒரு 75 நிமிடத்தைக் கேட்டு வாங்கி, வந்திருப்பவர்கள் கையில் கொடுப்பது எப்படி? நான் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

இது யாரோ வெளிநாட்டுக்காரர் கண்டுபிடித்த புது நாகரிகம் என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக 1964-க்குப் போவோம். அந்த ஆண்டு ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் 26-ஆவது அனைத்துலக மாநாடு நடந்தது. பெரிய மாநாடு. பல நாட்டு அறிஞர்கள், பல மொழிகள், பல துறைகள். தமிழ் அதில் ஒரு மூலை. அங்கே வந்திருந்தவர்களில் தமிழில் ஈடுபாடு கொண்டவர்களை மட்டும் தனியாக ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். அழைத்தவர்கள், அப்போது நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தனிநாயக அடிகளும், மொழியியலாளர் வ. அய். சுப்பிரமணியமும். அந்தக் கூட்டத்தில்தான் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் முதல் தலைவரானார். இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்தது.

1966 மாநாட்டைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அதற்கு விதை போட்டது இன்னொரு மாநாட்டின் ஓரத்தில், வந்தவர்களே கூட்டிக்கொண்ட ஒரு கூட்டம். அடிகளார் அந்தப் பெரிய மாநாட்டோடு சண்டை போடவில்லை. அதைப் பயன்படுத்திக்கொண்டார். இத்தனை பேரை ஒரே ஊருக்கு வரவழைக்கும் செலவையும் சிரமத்தையும் வேறு யாரோ ஏற்றிருந்தார்கள். மரபான மாநாட்டால் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான்: ஆட்கள் ஏற்கெனவே வந்திருக்கிறார்கள்.

இந்த முறைக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஹாரிசன் ஓவன். 1983-இல் ஒரு மாநாட்டை மாதக்கணக்கில் உழைத்து நடத்தினார். முடிந்த பிறகு பார்த்தால், அவர் உட்பட எல்லாருக்கும் பிடித்திருந்தது காப்பி இடைவேளைதான். அவர் ஏற்பாடு செய்யாமல் நடந்த ஒரே பகுதியும் அதுதான். மனிதர் கோபப்படவில்லை, யோசித்தார். 1985-இல் கலிபோர்னியாவின் மான்டெரேயில் அடுத்த கூட்டத்தை வேறு மாதிரி நடத்தினார். நாற்காலிகள் வட்டமாக இருந்தன. பேச விரும்பியவர் எழுந்து, தன் தலைப்பை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். எந்த நேரம், எந்த மூலை என்றும் குறித்தார். அவ்வளவுதான், நிகழ்ச்சி நிரல் தயார். திறந்தவெளி முறை என்று அதைச் சொல்கிறார்கள். அதில் ஒரு விதி உண்டு: நீ இருக்கும் இடத்தில் கற்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை என்றால், உன் இரண்டு கால்களைப் பயன்படுத்தி வேறு இடத்துக்குப் போ.

இந்த விதி நம்மிடம் அப்படியே செல்லாது. ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போனால் அது அவமரியாதை. போனவருக்கும் சங்கடம், பேசியவருக்கும் சங்கடம். அதனால் நான் ஒரு மணி வைத்துக்கொள்கிறேன். 18 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும். மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். இருக்க விரும்புகிறவர் மறுபடி உட்காரலாம், மற்றவர் நகரலாம். எல்லாரும் எழுந்து நிற்பதால் யார் யாரைவிட்டுப் போனார் என்ற பேச்சே வராது. பழியை மணி ஏற்றுக்கொள்கிறது.

சரி, மண்டபத்துக்கு வருவோம். இப்படி ஓர் அமர்வை நடத்திக்கொடுக்கும் வழிநடத்துநரின் பாதி வேலை நாற்காலியோடுதான்.

பல்கலைக்கழக விரிவுரை அரங்கு என்றால் இருக்கைகள் தரையோடு முடுக்கப்பட்டிருக்கும். வட்டம் போட வழியில்லை. பரவாயில்லை. முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு நிமிடம் யோசித்து எழுதட்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம். அப்புறம் முன்வரிசையில் இருவர் திரும்பி, பின்வரிசை இருவரோடு சேர்ந்து நால்வராக ஐந்து நிமிடம். எட்டு நிமிடத்தில் 200 பேரும் பேசியிருப்பார்கள். கேள்வி நேரத்தில் அதே எட்டு நிமிடத்துக்குள் எத்தனை பேர் பேசுகிறார்கள்? ஒருவர். அவரும் கேள்வி கேட்பதில்லை, உரை நிகழ்த்துகிறார். கடைசியில் "இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று ஒரு வாலைச் சேர்த்துவிட்டு உட்காருவார். அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். காலையிலிருந்து வாயை மூடி உட்கார்ந்திருந்தவர் அவர். ஒலிவாங்கி கைக்கு வரும் ஒரே தருணத்தை அவர் ஏன் விடுவார்? நால்வர் குழுவில் அவருக்கும் பேச இடம் இருக்கிறது, அங்கே ஒலிவாங்கி இல்லை, மற்ற மூவரும் அவரை நிறுத்தத் தயங்கமாட்டார்கள்.

விடுதி மண்டபம் என்றால் வேறு தொல்லை. விருந்துக்குப் போடுவதுபோல் பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை. எதிரே இருப்பவரிடம் பேசக் கத்த வேண்டும். 1995-இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் தற்செயலாகத் தொடங்கிய 'உலகக் காப்பிக்கடை' முறையில் ஒரு மேசைக்கு நாலைந்து பேர்தான். ஒருவர் மேசையிலேயே இருந்து முன்னே பேசியதை எடுத்துச் சொல்வார், மற்றவர்கள் அடுத்த மேசைக்கு நகர்வார்கள். மேசையைச் சின்னதாக்க நம்மால் முடியாது, ஆனால் பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, நாற்காலியை மேசையிலிருந்து வெளியே இழுத்து முகம் பார்த்து உட்காரச் சொல்லலாம். மேசை நடுவில் சும்மா இருக்கட்டும், தேநீர்க் கோப்பை வைக்க உதவும்.

சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்று பல மண்டபங்களில் தடை. முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் கயிறும் துணிக் கிளிப்பும் கொண்டுபோவேன். எழுதித் தொங்கவிட மாஜோங் பேப்பர் என்ற பெரிய தாள் எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும். பள்ளி ஆசிரியர்களுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தடித்த மார்க்கர் வாங்குங்கள். மெல்லிய பேனாவில் எழுதினால் இரண்டடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது, அந்தத் தாளால் பயன் இல்லை.

இனி நேரம். 75 நிமிடம் வாங்கினால் கையில் கிடைப்பது 55. திறப்பு விழா தாமதமாகும், சிறப்பு விருந்தினர் நெரிசலில் மாட்டுவார், பொன்னாடை போர்த்துவதில் இன்னும் இரண்டு பேர் சேருவார்கள். ஆகவே 55-க்குத் திட்டமிடுங்கள். மதிய உணவுக்குப் பிந்திய முதல் அமர்வை ஏற்பாட்டுக் குழு தாராளமாகத் தரும், ஏனென்றால் அதை வேறு யாரும் கேட்பதில்லை. வாங்கிக்கொள்ளுங்கள். எழுந்து நடந்து பேசும் அமர்வுக்கு அந்தத் தூக்க நேரம் ஒன்றும் கெடுதல் இல்லை. மதியத்துக்கு முந்திய அமர்வை மட்டும் வாங்காதீர்கள். எல்லாத் தாமதமும் வந்து சேரும் இடம் அது. அதிலும் வெள்ளிக்கிழமை என்றால் வேண்டவே வேண்டாம். அரசு ஊழியர்களுக்கு 12.15-க்கெல்லாம் இடைவேளை தொடங்கிவிடும், ஒலியமைப்பைப் பார்த்துக்கொள்ளும் மண்டப ஊழியரும் தொழுகைக்குப் போய்விடுவார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பகுதி மனிதர்கள். மேடையில் உட்காரவேண்டியவரை நால்வர் குழுவில் ஒருவராக உட்கார வைப்பது எப்படி? அன்று போய்க் கேட்டால் நடக்காது. ஒரு வாரம் முன்பே நேரில் பாருங்கள். "டத்தோ, இந்த அமர்வில் உங்கள் உரை வேண்டாம்" என்று யாரும் சொல்ல முடியாது. "டத்தோ, உங்களுக்கே இன்னும் விடை கிடைக்காத ஒரு கேள்வி இருந்தால் கொண்டுவாருங்கள், எங்கள் ஆட்களோடு உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லலாம். பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். சிலர் உண்மையிலேயே சந்தோஷப்படுவார்கள். அவர்களை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. சம்மதிக்காதவருக்குத் திறப்பு விழா இருக்கிறது.

கட்டுரையாளர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஆய்வுக் கோவையில் கட்டுரை முழுமையாக அச்சாகிறது. அதையே மேடையில் வேகமாக வாசிப்பதால் யாருக்கு என்ன லாபம்? நாலு கட்டுரையாளர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம், கட்டுரையின் சாரத்தையும் தங்களுக்குத் தீராத ஒரு சிக்கலையும் மட்டும் சொல்லட்டும். பிறகு மண்டபத்தின் நாலு மூலையில் நாலு பேரும் நிற்கட்டும். யாருக்கு எது வேண்டுமோ அங்கே போகட்டும். நிரலில் அவர் பெயர் இருக்கிறது, படைத்தார் என்பதும் உண்மை, சான்றிதழுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு மூலைக்கு யாருமே போகவில்லை என்றால்? அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். முதல் ஆளாக நீங்கள் போய் நில்லுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள்.

இளையவர்கள் வாய் திறப்பதில்லை என்று எல்லா இடத்திலும் கேட்கிறேன். இலக்கணம் பிசகினால் சிரிப்பார்களோ என்ற பயம்தான் பாதிக் காரணம். குழுவில் மலாய் கலந்து பேசட்டும், ஆங்கிலம் கலந்து பேசட்டும், தாளில் எழுதும்போது பக்கத்தில் இருப்பவர் தமிழாக்கிக்கொள்ளலாம். இன்னொரு பயம், சொன்னது மேலிடத்துக்குப் போய்விடுமோ என்பது. லண்டன் சாத்தம் ஹவுஸ் நிறுவனம் 1927-இல் வகுத்த விதி இன்றும் இதற்கு உதவும்: கேட்ட செய்தியை வெளியே பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்று மட்டும் சொல்லக்கூடாது. தொடங்கும்போதே அதைச் சொல்லிவிட்டு, கைப்பேசியில் காணொளி எடுப்பவரையும் அன்பாக உட்கார வையுங்கள். அறிக்கைக்குப் படம் வேண்டும் என்பார்கள். தாள்களைப் படம் எடுங்கள்.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். முடிவை ஏற்கெனவே எடுத்து வைத்துக்கொண்டு, கருத்துக் கேட்பதுபோல் இந்த அமர்வை நடத்தாதீர்கள். தீர்மானம் அச்சாகிப் பெட்டியில் இருக்கும்போது மக்கள் கையில் அட்டையைக் கொடுத்து எழுதச் சொல்வது மோசடி. மாலையில் தீர்மானம் வாசிக்கப்படும்போது எழுதியவருக்குப் புரிந்துவிடும். அவர் அடுத்த முறை அட்டையைத் தொடமாட்டார், உங்கள் மாநாட்டில் மட்டுமில்லை, எங்கேயும். முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் மேடையில் ஏறி அறிவியுங்கள். அதுவும் மரியாதையான வழிதான். அதேபோல் புதிய தேர்வு முறையை விளக்கும் கூட்டம், விருது வழங்கும் விழா, நினைவஞ்சலி, இவற்றுக்கும் இந்த முறை வேண்டாம். அங்கே மக்கள் கேட்க வருகிறார்கள்.

முடிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு குழுவும் மேடைக்கு வந்து அறிக்கை வாசிப்பது நம் வழக்கம். பத்துக் குழு, ஆளுக்கு மூன்று நிமிடம் என்று தொடங்கி ஒரு மணி நேரம் போகும். இவ்வளவு நேரம் இருந்த சூடு அங்கே ஆறிவிடும். தாள்களைக் கயிற்றில் தொங்கவிடுங்கள், எல்லாரும் நடந்து படிக்கட்டும், உடன்படும் வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். ஒவ்வொரு தாளிலும் கடைசி வரி, யார் எதை எப்போது செய்யப் போகிறார் என்பது. அந்த வரி காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும், யாரையும் கட்டாயப்படுத்தி எழுத வைக்காதீர்கள். தாள்களின் படங்களை அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஆய்வுக் கோவைக்குப் பிறகு தொகுத்துத் தருகிறேன் என்று யாராவது எடுத்துப் போனால், அவர் கார் டிக்கியிலேயே அது கிடக்கும்.

நிகழ்ச்சிக் கையேட்டில் இந்த அமர்வை எப்படிப் போடுவது என்று அச்சுக்குப் பொறுப்பானவர் கேட்பார். இப்படிப் போடச் சொல்லுங்கள்: "பிற்பகல் 2.00 – 3.15: பங்கேற்பாளர் அமர்வு. தலைப்புகள் அன்று காலை தேநீர் இடைவேளையில் உங்களிடமிருந்து பெறப்படும்." பேச்சாளர் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி வரும். பெயருக்கான கட்டத்துக்குள் ஒரு கோடு போட்டுவிடச் சொல்லுங்கள். அவர் மறுபடி அழைத்து, கட்டம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காதே, உங்கள் பெயரையாவது போடட்டுமா என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.