வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ரேடியோ கன்ட்ரோல் விமானம் என்றதும் பலருக்கும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன விமானம்தான் மனதில் வரும். நான் இன்று பேசப்போவது வேறு அளவு. இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டரை மீட்டர், மூன்று மீட்டர். எடை பத்து, பன்னிரண்டு கிலோ. மூக்கில் 50 சிசியோ 100 சிசியோ பெட்ரோல் எஞ்சின். பெட்டியில் வாங்கி வந்து பூட்டுவதில்லை. பால்சா என்ற லேசான மரத்தையும் பிளைவுட்டையும் அறுத்து, தேய்த்து, ஒட்டி, மாதக்கணக்கில் வீட்டிலேயே கட்டுவது. கட்டி முடித்தவரே அதை முதன்முறையாக வானத்துக்கும் கொண்டுபோவார். அந்த முதல் பறப்பை நாங்கள் வெள்ளோட்டம் என்போம்.

சின்ன விமானத்தின் வரைபடத்தை அப்படியே இரண்டு மடங்காக்கினால் நல்ல பெரிய விமானம் வந்துவிடாது. நீளம் இரண்டு மடங்கானால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். ஆனால் பருமன் எட்டு மடங்காகும். எடையும் அதன் கூடவே ஓடும். ஒன்றரை மீட்டர் இறக்கையும் இரண்டரை கிலோ எடையும் உள்ள விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மர அளவுகளையும் சேர்த்து எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினால் இருபது கிலோ வந்து நிற்கும். ஒவ்வொரு சதுர அங்குல இறக்கையும் முன்பைவிட இரண்டு மடங்கு பாரத்தைச் சுமக்க வேண்டும். விமானம் விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் நாற்பது சதவீதம் கூடிவிடும். அதையே மரத்தைத் தேர்ந்தெடுத்து, தேவையில்லாத இடத்தில் துளையிட்டு, பன்னிரண்டு கிலோவில் முடித்தால் அந்த வேகம் பத்து சதவீதம் போலத்தான் கூடும். ஒரே வரைபடம்தான், ஆனால் பறக்கும்போது இரண்டும் வேறு வேறு விமானங்கள்.

அப்படியானால் ஏன் பெரிதாகக் கட்ட வேண்டும்? ஆரம்ப காலத்தில் வேறு வழியில்லை. 1930களில் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் கட்டிப் பறக்கவிட்ட விமானத்தின் இறக்கை எட்டு அடி. அன்றைய ரேடியோ என்றால் வெற்றிடக் குழாய்களும் கனத்த பேட்டரிகளும்தான். அந்தச் சுமையைத் தூக்க அவ்வளவு பெரிய இறக்கை தேவைப்பட்டது. 'பிக் கஃப்' என்ற அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று ரிசீவர் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது, எடையும் சில கிராம்தான். ஆனாலும் பெரிய விமானத்தைக் கைவிட மனம் வருவதில்லை. சின்ன இறக்கைக்குக் காற்றின் பிசுபிசுப்பு ஒரு பெரிய தடை. அகலமான இறக்கை அதே காற்றைச் சுலபமாகக் கையாளும். சின்ன விமானத்தைத் தூக்கி எறிகிற காற்றில் பெரியது அலுங்காமல் போகும். திரும்பும்போது ஒரு நிதானம் இருக்கும். உண்மையான விமானம் பறப்பதைப் பார்த்த கண்ணுக்கு அந்த நிதானம்தான் வேண்டும்.

சரி, கட்டும் வேலைக்கு வருவோம். இறக்கையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் வாலைப் பற்றித்தான் பேசுவேன். ஏனென்றால் பெரிய விமானத்தின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது.

விமானத்தின் ஈர்ப்பு மையம் இறக்கை அகலத்தின் முன்பகுதியில், பெரும்பாலான வடிவங்களில் முன்விளிம்பிலிருந்து கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில், அமைய வேண்டும். அங்கிருந்து மூக்கு நாற்பது சென்டிமீட்டர் தூரம் என்றால் வால் நூற்றிருபது சென்டிமீட்டர் தூரம் இருக்கும். வாலில் ஒரு கிராம் ஏறினால் மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைத்துத்தான் சமன் செய்ய முடியும். வாலுக்கு இன்னொரு கை பெயின்ட் அடிப்பது சாதாரணமாகத் தோன்றும். அது நூறு கிராம் ஏற்றினால், மூக்கில் முந்நூறு கிராம். ஆக மொத்தம் நானூறு கிராம் சும்மா பறக்கும். அதனால் பால்சா பலகைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு, இருப்பதிலேயே லேசானதை வாலுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு கனப்பது பால்சாவில் சர்வசாதாரணம். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். கனமான பலகையை நகத்தால் அழுத்தினால் எளிதில் பள்ளம் விழாது. அதை இறக்கையின் நடுத்தண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எடை விஷயத்தில், மாதிரி விமானங்கள் கட்டிய மேனார்ட் ஹில்லைச் சொல்லாமல் போக முடியாது. 2003 ஆகஸ்டில் அவருடைய குழு பால்சாவால் செய்த மாதிரி விமானம் ஒன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, அட்லான்டிக் கடலைக் கடந்து, அயர்லாந்தில் இறங்கியது. 38 மணி நேரத்துக்கும் மேல் பறந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் போனது. எரிபொருளோடு சேர்த்து அதன் எடை ஐந்து கிலோவுக்குள். அந்தச் சமயத்தில் ஹில்லுக்குக் கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. கைவிரல்களின் உணர்வை நம்பியே அவர் கட்டினார். அந்த மனிதர்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு.

வாலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதிர்வு. மூக்கை மேலும் கீழும் திருப்பும் எலிவேட்டர், இடமும் வலமும் திருப்பும் ரட்டர் போன்ற அசையும் பலகைகளை நகர்த்துவது சர்வோ என்கிற சின்ன மோட்டார். சர்வோவுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கம்பி. அந்த இணைப்பில் எங்காவது கொஞ்சம் ஆட்டம் இருந்தால், வேகம் கூடும்போது பலகை கொடிபோலப் படபடக்கத் தொடங்கும். ஃப்ளட்டர் என்பார்கள். இரண்டு மூன்று விநாடி போதும், வாலே பிய்ந்து போய்விடும். கீழே நிற்பவருக்கு முதலில் ஒரு உறுமல் சத்தம் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் எஞ்சினைக் குறைத்து வேகத்தைத் தணிப்பது ஒன்றே வழி. ஆனால் அதைத் தடுக்கும் வேலை மேசைமேல் நடக்க வேண்டியது. எலிவேட்டரை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சர்வோ அசையாமல் பலகை மட்டும் அசைந்தால், கம்பி மாட்டும் துளையோ கீலோ சரியில்லை. சர்வோவின் சுழலும் கையில் உள்பக்கத் துளையையும், பலகையில் கம்பி மாட்டும் கொம்பில் வெளிப்பக்கத் துளையையும் பயன்படுத்தினால் விசையும் கூடும், ஆட்டமும் குறையும். பலரும் சர்வோ கையின் வெளித்துளையில் மாட்டிவிட்டு, அசைவு அதிகமாக இருக்கிறதென்று, கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரில் சதவீதத்தைக் குறைப்பார்கள். அப்படிச் செய்தால் சர்வோவின் பலத்தில் பாதி வீணாகும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சர்வோக்களும் ஒரே நேரத்தில் இழுத்தால் வோல்டேஜ் சரியும். சரிந்தால் ரிசீவர் ஒரு கணம் அணைந்து மறுபடி தொடங்கும். பன்னிரண்டு கிலோ விமானத்துக்கு அந்த ஒரு கணமே அதிகம். அதனால் இரண்டு பேட்டரி, இரண்டு ஸ்விட்ச். எலிவேட்டரின் இடது பாதிக்கு ஒரு சர்வோ, வலது பாதிக்கு இன்னொன்று. ஒன்று செத்தாலும் மற்றதை வைத்துத் தரைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இனி வெள்ளோட்டம். அதற்கு முன் ஒன்று: மாதிரி விமானம் பறக்கவிடுவதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. விண்வெளி ஓடத்தை 747 விமானத்தின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகலாம், வானத்திலேயே பிரித்தும் விடலாம் என்ற யோசனையை நாசாவில் முன்வைத்துப் போராடியவர்களில் ஜான் கைக்கர் என்ற பொறியாளர் ஒருவர். அவரும் மாதிரி விமானங்கள் கட்டியவர். நாற்பதில் ஒரு பங்கு அளவில் இரண்டையும் கட்டி, ரேடியோ கன்ட்ரோலில் பறக்கவிட்டு, பிரித்தே காட்டினார். 1977 ஆகஸ்டில் எண்டர்பிரைஸ் என்ற நிஜ ஓடம் அதே முறையில் பிரிந்து தனியாகத் தரையிறங்கியது.

வெள்ளோட்டத்துக்குக் காற்று லேசாக, ஓடுபாதைக்கு நேராக வீசும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் கண்ணுக்குத் துணையாக ஒருவர் நிற்கட்டும். முதலில் விமானத்துக்குப் பின்னால் நின்று, டிரான்ஸ்மிட்டரின் குச்சியை வலது பக்கம் தள்ளுங்கள். வலது இறக்கையின் அய்லரான், அதாவது பின்விளிம்பில் அசையும் பலகை, மேலே எழ வேண்டும். எத்தனையோ அழகான விமானங்கள் இந்த ஒன்றைப் பார்க்காமல் விட்டதால் கிளம்பிய நொடியிலேயே நொறுங்கியிருக்கின்றன. அப்புறம் டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து வைத்து முப்பது மீட்டர் போல நடந்துபோய், எல்லாம் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் தீப்பொறி ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பக்கூடும். எஞ்சின் ஓடும்போது புரொப்பெல்லரின் சுழல்தளத்தில், அதாவது அதற்குப் பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் சமரசமே கிடையாது.

ஓடத் தொடங்கியதும் எஞ்சினை மெதுவாகக் கூட்டுங்கள். மூக்கு இடதுபக்கம் இழுக்கும். வலது ரட்டர் கொடுக்க விரல் தயாராக இருக்கட்டும். தரையைவிட்டுப் பிடுங்காதீர்கள். வேகம் வந்தால் தானாகவே எழும். நல்ல உயரத்துக்குப் போன பிறகுதான் டிரிம் செய்ய வேண்டும், அதாவது குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி சரிசெய்ய வேண்டும். நேராகப் பறக்கிறது என்று ஆனதும், அங்கேயே எஞ்சினைக் குறைத்து, மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, எந்த வேகத்தில் ஸ்டால் ஆகிறது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிறது, எந்த இறக்கை முதலில் சாய்கிறது என்று பாருங்கள். உயரத்தில் பார்த்துக்கொண்டால் இறங்கும்போது அது திடுக்கிட வைக்காது.

இறங்குவதில்தான் கண் ஏமாற்றும். பெரிய உருவம் ஒரே வேகத்தில் போனாலும் சின்னதைவிட மெதுவாகப் போவதாகவே தோன்றும். சின்ன விமானத்தில் பழகியவர், பெரியதுக்கு இது சகஜம் என்று நினைத்து, உண்மையிலேயே வேகம் குறைந்துவிட்டதைக் கவனிக்காமல் விடுவார். அதுவும் கடைசித் திருப்பத்தில், தாழ்வான உயரத்தில். அந்த இடத்தில் ஸ்டால் ஆனால் மீட்க உயரம் இருக்காது. அதனால் முதல் தரையிறக்கத்தில் எஞ்சினை முழுவதும் அடக்காமல், கொஞ்சம் சக்தியோடே ஓடுபாதை முனைவரை வாருங்கள்.

இறங்கியதும் உடனே மறுபடி கிளப்ப வேண்டாம். எஞ்சின் தாங்கி, புகைக்குழாய் திருகுகள், கீல்கள், வால் கம்பிகள் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினின் அதிர்வு எதையாவது தளர்த்தியிருக்கும். சர்வோக்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அது எங்கோ முட்டிக்கொண்டு போராடுகிறது. பேட்டரியைச் சார்ஜ் போடும்போது எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பறப்புக்கு எவ்வளவு செலவாகிறது என்பது அதிலிருந்துதான் தெரியும். மூக்கு கனமாகத் தோன்றினால் ஈர்ப்பு மையத்தை ஐந்து மில்லிமீட்டர் மட்டும் பின்னால் நகர்த்துங்கள். அதோடு எஞ்சின் சாய்வையும் சேர்த்து மாற்றினால், எதனால் சரியானது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம், அதையும் நோட்டில் எழுதிவிட்டு அடுத்த பறப்புக்குப் போங்கள்.

வணக்கம்.