பெயரில்லாதவர்களுக்குப் பெயர் தந்தவை தொகுப்பு அல்பங்களே

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அட்டன் நகரின் இந்தக் குளிரையும் பொருட்படுத்தாமல் தலவாக்கலையிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் இசை ரசிகர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

மின்கித்தாரின் பேரொலியோடு அதிரும் ரொக் இசை வகையான ஹெவி மெட்டலை வளர்த்தவை பெரிதும், ஒரே குழு தன் புதுப் பாடல்களைக் கொண்டு வெளியிடும் தனி அல்பங்களா, ஏற்கெனவே உள்ள பாடல்களையோ பல குழுக்களின் பாடல்களையோ ஒன்றாகத் திரட்டித் தரும் தொகுப்பு அல்பங்களா என்பது இன்றைய வழக்கு. தொகுப்பு அல்பங்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஓர் உவமை சொன்னார். ஒரே தோட்டத்துத் தேயிலைக்கு இருக்கும் மணம், பல தோட்டத்துத் தூளைக் கலந்து பைக்கற்றில் அடைத்த தேயிலைக்கு வராது. தொகுப்பு அல்பமும் அத்தகைய கலவைதான் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தேயிலையைச் சொல்லி இந்த மண்டபத்தில் கைதட்டல் வாங்க முடியாதவர் யார்? ஆனால், கலந்த தூளில் எந்தத் தோட்டத்துக் கொழுந்து எவ்வளவு இருக்கிறது என்று அந்தப் பைக்கற்றில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. தொகுப்பு அல்பத்தின் பின்னட்டையிலோ ஒவ்வொரு பாடலுக்கும் நேரே அதை இசைத்த குழுவின் பெயர் அச்சாகியிருக்கும். ஊர் பேர் தெரியாத எத்தனையோ குழுக்களின் பெயர் முதன்முதலில் அச்சேறிய இடமே அதுதான்.

சான்று இல்லாமல் பேசவில்லை, நடுவர் அவர்களே. 1980 பெப்ரவரியில் ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனம் இங்கிலாந்தில் 'மெட்டல் ஃபோர் முத்தாஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. லண்டனின் வடமேற்கே கிங்ஸ்பெரியில் ரசிகர்களுக்காக ஹெவி மெட்டல் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டுப் பெயர் பெற்ற நீல் கே என்பவரின் பெயரோடு இணைந்த தொகுப்பு அது. அதில் அயர்ன் மெய்டன் என்ற குழுவுக்கு இரண்டு பாடல்கள் இருந்தன. அந்தக் குழுவின் முதலாவது தனி அல்பம் கடைக்கு வந்தது அதே ஆண்டு ஏப்ரலில்தான். எதிரணியினர் சற்று முன்பு தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அந்த முதல் அல்பத்துக்கு, இரண்டு மாதங்கள் முந்திக்கொண்டது தொகுப்பு. அதே தட்டில் ஏஞ்சல் விட்ச், சாம்சன், பிரேயிங் மான்டிஸ் ஆகிய குழுக்களும் இருந்தன என்பதையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இதைவிட வலுவான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. லொஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் பிரையன் ஸ்லேகல் என்ற இளம் ரசிகர், தம் ஊர்க் குழுக்களைத் திரட்டி ஒரு தட்டு கொண்டுவர முயன்றார். அப்போது லார்ஸ் உல்ரிக் என்ற இளைஞர் அவரிடம் வந்து, தமக்கும் அதில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார். கேட்ட வேளையில் அவருக்குக் குழுவே இல்லை என்பதுதான் வேடிக்கை. இடம் தருகிறேன் என்ற வாக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டைத் தேடிப் போனார். அப்படிப் பிறந்த குழுவே மெட்டாலிக்கா. 1982இல் ஸ்லேகலின் அந்தத் தொகுப்பு 'மெட்டல் மாசக்கர்' என்ற பெயரில் வெளிவந்தபோது அதில் அவர்களின் 'ஹிட் த லைட்ஸ்' பாடல் இருந்தது. முதற்பதிப்பின் அட்டையில் குழுவின் பெயரைக்கூட எழுத்துப் பிழையோடுதான் அச்சிட்டிருந்தார்கள். தனி அல்பமான 'கில் எம் ஆல்' வந்தது 1983இல். அதைத் தொடக்கிவைப்பதும் அதே பாடல்தான். குழு இருந்ததால் தொகுப்பில் இடம் கிடைத்தது என்பது உலக வழக்கம். இங்கே தொகுப்பில் இடம் இருந்ததால் ஒரு குழு உண்டானது. எதிரணியில் அடுத்துப் பேச வருபவர், ஒரு தனி அல்பம் இப்படியொரு குழுவை உண்டாக்கிய கதை தெரிந்தால் சொல்லட்டும், காத்திருக்கிறேன். 'மெட்டல் மாசக்கர்' வரிசையின் மூன்றாம் தொகுப்பில் ஸ்லேயர் என்ற குழு வந்ததைப் பற்றி விரித்துச் சொல்ல நேரமில்லை. நடுவர் மணியின்மீது கை வைத்துவிட்டார்.

தொகுப்பவர் படைப்பாளி அல்லர், கத்தரிக்கோல் பிடித்தவர் மட்டுமே என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் சொன்னார். தமிழ் மேடையில் நின்றுகொண்டு இதை எப்படிச் சொல்ல மனம் வந்ததோ தெரியவில்லை. செம்புலப்பெயனீரார் என்ற புலவரின் ஒரே பாட்டுத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. குறுந்தொகை என்ற தொகுப்பு இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? நம் தோட்டங்களில் கொழுந்தெடுத்த பெண்கள் பாடிய பாட்டுகள் காற்றோடு போகாமல் இருப்பதற்கு, மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் அவற்றைத் தேடித் திரட்டியதும் ஒரு காரணம் அல்லவா? தனிப்புத்தகம் போடும் வசதி அந்தப் பெண்களில் யாருக்கு இருந்தது?

ஓர் இடத்தில் எதிரணியோடு உடன்படுகிறேன். ஒரே குழுவின் பழைய பாடல்களை அள்ளிப்போட்டு, நிறுவனங்கள் காசு பார்க்கும் தொகுப்புகளும் உண்டு. 1975இல் வந்த பிளாக் சபாத்தின் 'வீ சோல்ட் அவர் சோல் ஃபோர் ரொக் அன்ட் ரோல்' அந்தக் குழுவுக்கே மகிழ்ச்சி தராத வெளியீடு. ஆனால் 1984இல் மோட்டர்ஹெட் குழுவுக்கு அதே நிலை வந்தபோது அதன் தலைவர் லெமி என்ன செய்தார்? பாடல்களைத் தாமே தெரிவு செய்தார்; புதிய உறுப்பினர்களோடு நான்கு புதுப் பாடல்களைப் பதிவு செய்து 'நோ ரிமோர்ஸ்' தொகுப்பில் சேர்த்தார். 'கில்ட் பை டெத்' அந்த நான்கில் ஒன்று. பின்னர் மேடைதோறும் ரசிகர்கள் கேட்டு வாங்கிய அந்தப் பாடல் எந்தத் தனி அல்பத்துக்காகவும் பிறந்ததன்று என்பதை எதிரணியினர் மறந்துவிட்டார்கள்.

மலையகத்து ரசிகனுக்கு எது கைக்கெட்டியது என்பதையும் இந்த அவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழுவின் ஒவ்வொரு அல்பத்தையும் விலை கொடுத்து வாங்கக்கூடிய வீடுகளா நம் லயங்கள்? கண்டியிலோ கொழும்பிலோ உள்ள றெக்கோடிங் பாரில், விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, தொண்ணூறு நிமிடக் கசெட்டில் பதிந்து வாங்கி, அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்ட தலைமுறை ஒன்று இந்த மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கிறது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வர வேண்டும் என்று தாளை வைத்துக்கொண்டு யோசித்த ஒவ்வொருவரும் ஒரு தொகுப்பாசிரியரே.

எனக்கு மிகவும் பிடித்த தொகுப்பு எது என்று கேட்டால், 1990இல் வந்த 'நியூ வேவ் ஒஃப் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் '79 ரீவிசிட்டட்' என்பேன். அதைத் தொகுத்தவர்கள் பத்திரிகையாளர் ஜெஃப் பார்ட்டனும், முன்பு இடம் கேட்டு நின்ற அதே லார்ஸ் உல்ரிக்கும். டயமண்ட் ஹெட் போல, தம்மை இசைக்குள் இழுத்த குழுக்களை உலகம் மறந்துவிடக் கூடாது என்று, புகழின் உச்சியில் நின்ற ஒருவர் எடுத்த முயற்சி அது. என் கணிப்பில் அது விற்பனைச் சரக்கன்று, நன்றிக்கடன்.

இறுதியாக, எதிரணித் தலைவர் நெஞ்சில் கை வைத்துப் புகழ்ந்த சுவீடனின் பாத்தொரி குழுவுக்கு வருகிறேன். 1984இல் 'ஸ்கண்டிநேவியன் மெட்டல் அட்டாக்' என்ற தொகுப்பில் அவர்களின் இரண்டு பாடல்கள் இடம்பெற்றன; வேறொரு குழு விலகியதால் கிடைத்த இடம் அது. தட்டு வெளியானதும் ரசிகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை பாத்தொரியைப் பற்றியே இருந்ததால்தான் முழு அல்பம் ஒன்று செய்யும்படி நிறுவனம் அவர்களைக் கேட்டது. அவர் புகழ்ந்த அல்பம் அந்தக் கடிதங்களுக்குப் பிறகு வந்தது. இதை மறுக்க முடியுமா என்று நடுவர் அவர்களே அவரிடம் கேட்டுச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.