இளவயதில் இடுப்பு மூட்டு

வணக்கம் நேயர்களே. இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை என்றதும் தாத்தா பாட்டி ஞாபகம்தான் வரும். ஆனால் என் கிளினிக்குக்கு முப்பது வயதுப் பிள்ளைகளும் நொண்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது செடிகளைக் கத்தரித்துவிடுகிறவர், வயது 32. “முழங்கால் வலி டொக்டர்” என்றார். மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்திருக்கிறார். முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எங்கேயோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். “சப்பாத்து போட முடிகிறதா?” என்று கேட்டேன். “இல்லீங்க, சம்சாரம்தான் மாட்டிவிடுது.” கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினேன். தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு “ஐயோ” என்றார். நோய் இடுப்பில். இடுப்புக்கும் முழங்காலுக்கும் போகிற நரம்பு ஒன்றாக இருப்பதால், மேலே கெட்டது கீழே வலியாகத் தெரியும். முழங்காலுக்கு மருந்து கேட்டுப் போகிறவர்களே, இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

தொடை எலும்பின் தலைக்கு, அதாவது இடுப்புக் குழிக்குள் சுழல்கிற உருண்டையான மேல்முனைக்கு, இரத்த ஓட்டம் நின்று அவருக்கு எலும்பு செத்துப்போயிருந்தது. ஸ்டெரொய்ட் மருந்தை நெடுநாள் எடுப்பது, அளவில்லாத குடி, பழைய எலும்பு முறிவு, இவற்றால் அப்படி ஆகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பிடிபடாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும்.

சரி, மூட்டை மாற்றிவிடலாமே? 1962இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி தொடங்கிவைத்த முறையில், எலும்பின் தலையை வெட்டிவிட்டு, குழாய் போன்ற தொடை எலும்புக்குள் நீளமான உலோகத் தண்டை இறக்கி சிமெந்து வைத்துப் பிடிக்கச் செய்வார்கள். எழுபது வயதுக்காரருக்கு அது வரம். 32 வயதுக்காரருக்கு? மாற்றிய மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 வருஷம் தாங்குவதாக 2019இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அப்படித் தாங்கினாலும் அப்போது இந்தத் தம்பிக்கு வயது 57தான். மறுபடி கத்தி வைக்கிறபோது, தண்டைக் கழற்றுகையில் எலும்பும் சேர்ந்து போகும். நீளத் தண்டு பாரத்தைக் கீழே கடத்திவிடுவதால், மேல் எலும்பு வேலையில்லாமல் ஏற்கெனவே மெலிந்திருக்கும். இரண்டாம் தடவைக்கு எலும்பு வேண்டும் என்றால் முதல் தடவையே அதை மிச்சம் பிடிக்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பர்மிங்ஹாமில் டெரெக் மக்மின் வடிவமைத்து 1997இல் வந்த முறையில் தலையை வெட்டுவதில்லை. செதுக்கி, பல்லுக்குத் தொப்பி போடுகிற மாதிரி உலோகத் தொப்பி மாட்டுவார்கள். திடமான இளம் ஆண்களுக்கு நன்றாக உழைக்கிறது. பெண்களுக்கும் சிறிய எலும்பு உள்ளவர்களுக்கும் அவ்வளவு சரிவரவில்லை. இந்தத் தொப்பியும் இடுப்புக் குழியில் வைக்கிற உலோகக் கிண்ணமும் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலக்கின்றன. இந்த வகையில் ஒன்றை 2010இல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். கொழுந்து பறிக்கிற தங்கச்சிமாருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

தம்பிக்கும் இது தோதில்லை. செத்த எலும்பில் தொப்பி நிற்காது. அவருக்குக் குட்டைத் தண்டுதான் பொருத்தம். தலை போய்விடும், ஆனால் தண்டு எலும்பின் மேல்பகுதியோடு நின்றுவிடும். சிமெந்து இல்லை. தண்டின் சொரசொரப்பான பரப்பில் எலும்பு தானே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நீளத் தண்டைப் போல நெடுங்காலக் கணக்கு இதற்கு இன்னும் சேரவில்லை, அதையும் அவரிடம் மறைக்கவில்லை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு செய்யும் பயிற்சிகளைச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும். ஆரம்ப மாதங்களில் குந்தி உட்கார்ந்தால் மூட்டு நழுவலாம். லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, கழிப்பறையில் குந்தத்தானே வேண்டியிருக்கும்? ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பே ஒரு கொமட் நாற்காலிக்கு வழி பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.