பிரித்த தையல்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஜெர்மன் காவல்துறையின் சடங்கு உடைகளைச் சேகரிப்பவன் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். அதில் ஒரு சிறு திருத்தம். நான் முதலில் தையற்காரன். மியூன்ஸ்டர் நகரத்தில் கால்சட்டைக்கு நீளம் குறைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய கடையில் இருபது ஆண்டுகள் ஊசி பிடித்தவன். சேகரிப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு மாலை, வயதான பெண்மணி ஒருவர் அந்துருண்டை மணக்கும் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே அவருடைய தந்தையின் கோட்டு. காலருக்குக் கீழே பூச்சி அரித்த ஓட்டையை அடைக்க வேண்டும், பிறகு விற்றுவிடப் போகிறேன் என்றார். வானொலியில் படம் காட்ட முடியாது. ஆகவே சொல்லியே காட்டுகிறேன். பச்சைக் கம்பளித் துணி. காலரும் கைமுனையும் மட்டும் அடர் பழுப்பு. முன்பக்கம் எட்டுப் பொத்தான்கள். ஓரம் முழுதும் மெல்லிய பைப்பிங், அதாவது விளிம்பில் வைத்துத் தைக்கும் வண்ணப் பட்டை, திராட்சை மதுவின் சிவப்பில். அத்தனை சீரான பைப்பிங்கை நான் அதுவரை தொட்டதில்லை. தொழில்காரனுக்குத் துணிமேல் வரும் ஆசை கொஞ்சம் ஆபத்தானது. யாருடைய துணி என்பது அப்போது கண்ணில் படாது.

அந்த நிறங்களுக்கெல்லாம் பொருள் உண்டு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1936 ஜூன் 17 அன்று ஹிட்லரின் நெருங்கிய சகா ஹிம்லர் ஜெர்மன் காவல்துறை முழுவதற்கும் தலைவரானார். மாநிலத்துக்கு ஒன்றாக இருந்த உடைகள் போய், நாடு முழுவதற்கும் ஒரே பச்சை வந்தது. பைப்பிங்கைப் பார்த்துப் பிரிவைச் சொல்லிவிடலாம். அரசின் நேரடிக் காவலருக்குப் புல்லின் பச்சை, நகராட்சிக் காவலருக்கு மதுச் சிவப்பு, கிராமப்புறத்துக் கெண்டார்மரிக்கு ஆரஞ்சு. நகராட்சிக்காரர் என்றால் இடது கையில் கழுகுச் சின்னமும் அதன் மேல் அவருடைய ஊர்ப் பெயரும் இருக்கும்.

தலையில் சாக்கோ என்ற உயரமான தொப்பி. அணிவகுப்பு நாளில் அதன்மேல் குதிரை மயிர்க் குஞ்சம் ஏறும்: அதிகாரிக்கு வெள்ளை, காவலருக்குக் கறுப்பு, வாத்தியக்காரருக்குச் சிவப்பு. இந்தச் சாக்கோ பெரிய பிழைப்புவாதி. ஹிட்லருக்கு முந்தைய வைமார் குடியரசில் பிரஷ்ய மாநில நட்சத்திரத்தோடு இருந்தது, ஹிட்லர் காலத்தில் கழுகோடு இருந்தது, போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் மாநிலச் சின்னத்தோடு இன்னும் பல ஆண்டுகள் இருந்தது. தொப்பி அப்படியே, முன்னால் உள்ள தகடு மட்டும் மாறியது.

அந்தப் பெண்மணியின் கோட்டில் கழுகு இல்லை. அது இருந்த இடத்தில் நீள்வட்டமாகக் கொஞ்சம் துணி வெயில் படாத கரும்பச்சையாக இருந்தது, சுற்றிலும் ஊசித் துளைகள். போர் முடிந்ததும் யாரோ அவசரமாகப் பிரித்திருக்கிறார்கள். கழுகோடு ஊர்ப் பெயரும் போயிற்று. அவர் எந்த ஊர்க் காவலர் என்று மகளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கோட்டை வாங்கிய வியாபாரி ஒரு மாதம் கழித்து அதே கோட்டோடு என் கடைக்கு வந்தார். கையில் புதுக் கழுகு ஒன்று. பழைய துளைகளிலேயே ஊசி போகும்படி தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். தைத்துக் கொடுத்தேன். நல்ல கூலி. வேலை சுத்தமாக வந்தது என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டேன்.

அதே நகரத்தில் வில்லா டென் ஹோம்பல் என்று ஒரு மாளிகை இருக்கிறது. சிமெண்ட் முதலாளி ஒருவர் கட்டியது. போர்க்காலத்தில் அந்தப் பகுதிக் காவல்துறையின் தலைமையகம். 1999 முதல் நினைவிடம். அங்கே போன பிறகுதான் இந்தப் பச்சை உடைக்காரர்கள் எங்கெங்கே அனுப்பப்பட்டார்கள் என்று எனக்கு விளங்கியது. ஹாம்பர்க் நகரத்தின் 101-ஆம் ரிசர்வ் காவல் பட்டாளம், ஐந்நூறு பேருக்கும் குறைவு. 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யூசெஃபூவ் ஊரில் ஒரே நாளில் குறைந்தது 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றது. சடங்குக் கோட்டு அணிந்து யாரும் அந்த ஊருக்குப் போகவில்லை. அது வீட்டு அலமாரியில்தான் தொங்கியிருக்கும். "இது வெறும் அணிவகுப்பு உடை, கறை படியாதது" என்று வியாபாரிகள் சொல்லும்போது அந்த அலமாரிதான் என் நினைவுக்கு வரும்.

சில ஆண்டுகள் கழித்து ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்வைக்கு வைத்திருந்த ஓரிடத்துக்குப் போயிருந்தேன். இந்தக் கழுகு காலில் பிடித்திருக்கும் ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் குற்றம் என்பதால் விற்பனைப் பட்டியலின் படங்களில் அதன்மேல் சிறு வெள்ளைக் கட்டம் ஒட்டியிருக்கும். ஒரு கோட்டின் கீழே "கை வைக்கப்படாதது" என்று அச்சடித்திருந்தார்கள். காலரைத் தூக்கிப் பார்த்தேன். பூச்சி ஓட்டையை அடைத்த என் தையல்!

என்னால் முடிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டு அதை எடுத்தேன். வீட்டில் கழுகின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். பருத்தி நூல் என்றால் எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு கறுப்பு மணியாக உருகியது. பாலியஸ்டர். புற ஊதா விளக்கு என்று சிலர் சொல்வார்கள், அதை நான் முழுதாக நம்புவதில்லை. இக்காலச் சோப்பில் துவைத்த பழைய துணியும் அதில் ஒளிரும். நெருப்பு அப்படி ஏமாறாது.

அன்றிரவே கழுகைப் பிரித்தெடுத்தேன். இன்று என்னிடம் இருக்கும் கோட்டுகளில் பாதி இப்படிச் சின்னம் இழந்தவைதான். சந்தையில் அவற்றுக்கு மதிப்புக் குறைவு, எனக்கு அது வசதி. ஆனால் அந்த ஒரு கோட்டின் இடது கையை விளக்கடியில் பிடித்தால் துளைகள் இரண்டு வகையாகத் தெரியும். பழையவை வாய் அகன்று கந்தலாக இருக்கின்றன. அவற்றில் விழாமல் தவறிய சில, சின்னதாய், ஒழுங்காய், சம இடைவெளியில் இருக்கின்றன. அவை என்னுடையவை.