கோவையில் ஜெயித்த சென்னை

நேயர்களுக்கு வணக்கம். "கால்பந்தில் ஏதாவது ஒரு சீசனைப் பற்றிப் பேசுங்கள்" என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். இங்கிலாந்து, ஸ்பெயின் என்று எங்காவது போவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில், கேலரிக்குக் கீழே வரிசையாகக் கடைகள் இருக்குமே, அந்த ஸ்டேடியம்தான். 2018 அக்டோபரில் தொடங்கி 2019 மார்ச்சில் முடிந்த ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் சீசனில் சென்னை சிட்டி என்ற அணி இந்திய சாம்பியன் ஆனது அங்கேதான்.

சென்னை சிட்டி கோவையில் ஏன் ஆட வேண்டும்? சென்னையில் அதே பெயர் கொண்ட நேரு ஸ்டேடியத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) என்ற இன்னொரு லீக்கைச் சேர்ந்த 'சென்னையின் எஃப்.சி.' என்ற அணி ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி தன் முதல் ஐ-லீக் சீசனான 2016-17-ஐ அங்கே ஆடிவிட்டு, அடுத்த வருஷம் மூட்டை கட்டிக்கொண்டு கோவைக்கு வந்துவிட்டது. 1946-ல் நுங்கம்பாக்கம் கால்பந்துக் கழகமாகத் தொடங்கப்பட்ட அணி அது. நுங்கம்பாக்கத்துப் பிள்ளைக்கு நொய்யல் கரையில் வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில ஆட்டங்களில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்வார். வேட்டி, கையில் கடலைப் பொட்டலம். ஒருநாள் என்னைப் பார்த்து, "ஏனுங்க, மெட்ராஸ்காரங்க டீமுக்கு நாம எதுக்குங்க கை தட்டோணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சிரித்து வைத்தேன்.

இன்னொரு கேள்வியும் அப்போது எல்லோரிடமும் இருந்தது. இந்தியாவில் முதல் நிலை லீக் எது? 1996-ல் தேசிய லீக்காகத் தொடங்கி, 2007 முதல் ஐ-லீக் என்ற பெயரில் நடந்ததுதான் அந்த இடத்தில் இருந்தது. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. பணம், நட்சத்திரங்கள், விளம்பரம் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தன. 2018-19-ல் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றுக்குப் போகும் உரிமை இன்னும் ஐ-லீக் சாம்பியனிடம் இருந்தது, அதனால் காகிதத்தில் இதுதான் மூத்தது. ஆனால் டிசம்பர் முடிந்ததும் ஐ-லீக் ஆட்டங்களில் ஒரு பகுதியை டிவியில் காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். கிளப்புகள் சத்தம் போட்டுப் பார்த்தன. சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த லீக்கின் மதிப்பு கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. பட்டம் யாருக்கு என்று ஒரு போட்டி, பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா என்று ஒரு கவலை. இரண்டையும் சேர்த்துத்தான் நாங்கள் பார்த்தோம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். மொத்தம் 11 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டங்கள். சென்னை சிட்டி அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும் எட்டாவது இடம். போதாக்குறைக்கு அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரான மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரிக் கடற்கரைப் பிள்ளை, ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். யாரும் இவர்களைக் கணக்கில் வைக்கவில்லை. நானும்தான்.

பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களை அணி கூட்டி வந்தது. பெத்ரோ மான்ஸி, நெஸ்தோர் கோர்தியோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ், ராபர்த்தோ எஸ்லாவா, கோல்கீப்பர் நவுஸெத் சாந்தானா. இவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரியான நம் ஊர்ப் பையன்கள். இந்திய லீக்கில் அதுவரை அதிகம் கண்டது, பின்னாலிருந்து ஒரு நீண்ட உதை, முன்னால் ஒரு உயரமான ஆள், அவ்வளவுதான். இவர்கள் பந்தைத் தரையிலேயே வைத்து, குட்டிக் குட்டி பாஸ்களாகக் கடத்திக்கொண்டு போனார்கள். கோர்தியோவின் காலில் பந்து இருந்தால் கேலரியில் பேச்சு நின்றுவிடும். அந்த சீசனில் அதிக கோல் அடித்த அணியும் இதுதான். கோலும் வாங்குவார்கள், அது வேறு விஷயம். முன்னால் போகும் ஆர்வத்தில் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற அணி.

முதல் ஆட்டத்தில் இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள். மான்ஸி மூன்று கோல். உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடியவர். பார்க்க அப்படியொன்றும் வேகக்காரர் இல்லை. ஆனால் பந்து எங்கே விழுமோ அங்கே முன்னாலேயே போய் நிற்பார். சீசன் முடிவில் 21 கோல். கோவா அணியான சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாஸாவும் அதே 21. முதலிடத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

துரத்தியது ஈஸ்ட் பெங்கால். 1920-ல் பிறந்த கிளப், அப்போது நூற்றாண்டு வாசலில் நின்றது. தேசிய லீக்கைக் கடைசியாக வென்றது 2003-04-ல். கொல்கத்தாவில் ஒரு பாதிக்கு அதுதான் குலதெய்வம். அவர்களோடு ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் சென்னை சிட்டி ஜெயித்தது. திரும்பிப் பார்த்தால் பட்டம் அங்கேதான் கிடைத்திருக்கிறது என்பது என் கணக்கு.

ரியல் காஷ்மீரைச் சொல்லாமல் போனால் தப்பு. 2016-ல் தொடங்கிய ஸ்ரீநகர் அணி, ஐ-லீக்கில் அதுதான் முதல் சீசன். முதல் ஆட்டத்திலேயே நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாபை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று சாய்த்தார்கள். பயிற்சியாளர் டேவிட் ராபர்ட்சன், ஸ்காட்லாந்துக்காரர். பட்டப் போட்டியில் வெகுநாள் இருந்தார்கள். பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதல் நடந்தது. நான்கு நாள் கழித்து அங்கே ஆட வேண்டிய மினர்வா போகவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. அப்படியும் மூன்றாம் இடத்தில் முடித்தார்கள். ஒரு விளையாட்டு அணி அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

மார்ச் தொடக்கத்தில் சென்னை சிட்டி சர்ச்சில் பிரதர்ஸை வென்றிருந்தால் பட்டம் கையில். 3-2 என்று தோற்றார்கள். பின்கதவு என்று சொன்னேனே, அதுதான். இப்போது கடைசி நாளுக்கு நிலவரம்: சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் 42. அப்படியென்றால் இங்கே டிரா செய்தாலும் போதாது, ஜெயித்தே ஆக வேண்டும்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. இங்கே மினர்வா பஞ்சாப், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு கோகுலம் கேரளா. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அன்றைக்கு நல்ல கூட்டம். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை 0-1. பாதிப் பேர் மைதானத்தைப் பார்க்கவே இல்லை, கையில் போனை வைத்துக்கொண்டு கோழிக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி. மான்ஸி அடித்தார், 1-1. கோழிக்கோட்டில் கோகுலம் முன்னால் போயிருக்கிறது என்று யாரோ கத்தினார்கள், கேலரி முழுக்க ஆரவாரம். அப்புறம் கௌரவ் போரா. அஸ்ஸாமிலிருந்து வந்தவர், டிஃபெண்டர். கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை. அவர்தான் இரண்டாவது கோலை அடித்தார். அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்கால் சமன் செய்தது, பிறகு 2-1 என்று முந்தியது. இங்கே ஒரு கோல் வாங்கினால் எல்லாம் போச்சு. ஆட்டம் முடியும் நேரத்தில் மறுபடி போரா. 3-1. புள்ளிப் பட்டியலில் 43-க்கு 42.

இதில் எனக்கு இன்றும் சிரிப்பு வருவது ஒன்று உண்டு. அதே சீசனில் ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் எஃப்.சி. கடைசி இடம். முந்தைய வருஷம் கோப்பை வென்றவர்கள். ஊரில் இருந்த அணி அடியில், ஊரை விட்டு வந்த அணி உச்சியில்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் மனசு இல்லை. கோர்தியோ, போரா இருவரும் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார்கள். 2020 ஜனவரியில் பஹ்ரைனில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று ஒரே ஆட்டம், 1-0 தோல்வி. அதே மாதம் மான்ஸி ஜப்பானுக்குக் கிளம்பினார். முதல் நிலை என்ற தகுதி ஐ.எஸ்.எல்.லுக்குக் கைமாறியது. 2021-ல் கிளப் உரிம விதிகளை நிறைவு செய்ய முடியாமல் சென்னை சிட்டி லீக்கிலிருந்தே வெளியேறியது. சாம்பியன் ஆகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

அன்று ராத்திரிக்குத் திரும்புகிறேன். மூன்றாவது கோல் விழுந்தபோது நம் பெரியவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். கடலை எல்லாம் கீழே. எதற்குத் தட்டுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கூட்டம் கலைந்து படியிறங்கும்போது அவரே, "அடுத்த சீசன் எப்பங்க?" என்றார். வருஷக் கடைசியில் இருக்கும் என்றேன். "அப்ப இதே எடத்துல பாப்போமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.